எந்தப் பரப்பு என்று கேட்ட மெசின்

1

இந்த ஆடி அமாவாசை அன்று எனக்கு ஊரிலிருந்து, யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்திலிருந்து, கடிதம் வந்தது. கடிதம் என்று சொன்னால் பொய். உறையைக் கிழித்துக் கவிழ்க்க, நாலாய் மடித்த ஒரு காணிப் படம் மட்டும் விழுந்தது. ஒரு வரி எழுத்து இல்லை. அன்புள்ள அக்கா இல்லை, சுகமாயிருக்கிறாயா இல்லை. உறையின் மேல் விலாசம் எழுதிய கை மட்டும் என் தங்கச்சி மணியின் கை.

நான் நோர்வேயில் பேர்கன் என்ற நகரத்தில் மகனோடும் மருமகளோடும் இருக்கிறேன். வந்து பதினான்கு வருடம். மழை பெய்யாத நாளை இங்கே ஆட்கள் ஒருவருக்கொருவர் சொல்லி வாழ்த்துவார்கள். அன்றும் மழை. செத்துப்போன எங்கள் தகப்பன் அப்புவுக்காக நான் விரதம். இந்த விரதத்துக்கு ஊரில் காத்தோட்டிக்காய் கட்டாயம். இங்கே அது கிடைக்காது. ஒவ்வொரு வருடமும் மணி வெயிலில் காயவைத்து அனுப்புவாள். இம்முறை அனுப்பவில்லை. கடையில் உறையப் போட்ட பாகற்காயை வாங்கிப் பொரித்து, இரண்டும் கசப்புத்தானே, அப்புவுக்கு வித்தியாசம் தெரியாது என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். விட்டதனால் எனக்குக் குறை ஒன்றும் வரவில்லை என்று எழுபத்திரண்டு வயதுவரை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது எழுபத்துமூன்று. போன வருடம் ஊரிலுள்ள பலருக்குத் தொலைபேசியில் என் தங்கச்சியைப் பற்றி ஒரு செய்தி சொன்னேன். அது பிழை. அதைத் திருத்தத்தான் இந்தக் கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி எழுதுகிறேன்.

2

முதலில் என் மருமகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் ஜெசிந்தா. மீன்பிடிக்கிற குருநகர்ப் பிள்ளை, வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர்கள். ஒன்பது வயதில் தாய் தகப்பனோடு இங்கே வந்தவள். மகன் அவளைத்தான் கட்டப்போகிறேன் என்று சொன்னபோது நான் மூன்று நாள் சாப்பிடவில்லை. நாலாம் நாள் அவள் வைத்துக் கொண்டுவந்த மீன்குழம்பின் வாசத்துக்கு என் வைராக்கியம் எழுந்து வெளியே போய்விட்டது.

அவளுடைய வேலை எனக்கு விளங்க ஏழு வருடம் எடுத்தது. கணினிக்கு மனிதர் பாஷை தெரியாது. அதனால் நடுவில் ஒரு பாஷை செய்து வைத்திருக்கிறார்கள். ஆட்கள் அந்தப் பாஷையில் எழுதுவார்கள். எழுதியதை வாங்கி, பிழை பார்த்து, கணினிக்கு விளங்குகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிற ஒன்று இருக்கிறது. அதன் பெயர் கொம்பைலர். ஜெசிந்தாவும் அவள் வேலை செய்யும் கந்தோர் ஆட்களும் புதிதாக ஒரு பாஷையும் அதற்கொரு கொம்பைலரும் செய்கிறார்கள்.

"ஆசுப்பத்திரியிலை மொழிபெயர்க்க ஒரு ஆள் வருமே மாமி, அது மாதிரி" என்று அவள் சொன்ன அன்றுதான் எனக்கு வெளித்தது.

ஏனென்றால் மொழிபெயர்ப்பு ஆள் என்றால் என்னவென்று எனக்கு அனுபவம். இங்கே வந்த முதல் வருடம் டொக்டரிடம், "மகன் என்னோடை இருந்து கதைக்கிறேல்லை, நெஞ்சை அடைக்குது" என்றேன். மொழிபெயர்த்த பெண்பிள்ளை, மகன் கதைக்காதது வைத்திய விஷயமில்லை என்று அதை விட்டுவிட்டு, நெஞ்சை அடைக்கிறது என்பதை மட்டும் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். கட்டிலோடு தள்ளிக்கொண்டு போய், உடம்பெல்லாம் வயர் கொழுவி, இரண்டு நாள் வைத்துக்கொண்டார்கள். மகன் பயந்துபோய் இரண்டு நாளும் பக்கத்தில் இருந்து கதைத்தான். நெஞ்சடைப்பு நின்றுவிட்டது. வைத்தியம் சரி என்றே டொக்டர் எழுதியிருப்பார்.

"கொம்பைலரும் உப்பிடித்தான்" என்று ஜெசிந்தா சிரித்தாள். "பிரயோசனமில்லை எண்டு கண்டதைத் தானா வெட்டிப்போடும். எந்த எண்ணை எங்கை வைக்கிறது, எதை முதல் கூட்டுறது, பழசை எப்ப எறியிறது எல்லாம் அதே பாத்துக்கொள்ளும். எங்களை விட வடிவாப் பாக்கும்."

"பிறகென்ன, நீங்கள் வீட்டை இருக்கலாமே?"

"பிரச்சினை அதிலை இல்லை மாமி. எழுதினவர் என்ன நினைச்சு எழுதினவர் எண்டு தெரியாத இடத்திலைதான் பிரச்சினை. அந்த இடத்திலை அது தானா ஒண்டை நினைச்சுக்கொண்டு போறதோ, நிண்டு கேக்கிறதோ? இதிலைதான் எங்கடை கந்தோரிலை சண்டை."

அவள் நின்று கேட்க வேண்டும் என்கிற கட்சி. அவள் பாஷையில் சும்மா ஒரு எண்ணை எழுதினால் கொம்பைலர் ஏற்காது. பன்னிரண்டு என்றால் என்ன பன்னிரண்டு, மீற்றரா, கிலோவா என்று சொல்லியே ஆக வேண்டும். அங்கே பெரிய தாடி வைத்த ஒரு முதியவர், அவளுக்கு மேலதிகாரி, மற்றக் கட்சி. ஆட்களுக்குக் கேள்வி பிடிக்காது, ஊகித்துக்கொண்டு போகட்டும், கனக்கக் கேட்டால் ஆட்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போவார்கள் என்பது அவருடைய எண்ணம். எனக்கு அந்தத் தாடிக்காரரைக் காணாமலே பிடித்துவிட்டது. நானும் கேள்வி பிடிக்காத ஆள்.

3

இனிக் காணிக் கதை.

கொடிகாமத்தில் அப்பு விட்டுப்போனவை இரண்டு. வீட்டோடு சேர்ந்த மேட்டுக்காணி எட்டுப் பரப்பு; பரப்பு என்பது எங்கள் ஊர்க் காணி அளவு. வயல் பன்னிரண்டு பரப்பு. உறுதிப் பத்திரத்தில் இரண்டும் எங்கள் இருவர் பெயரிலும் கிடக்கின்றன. "மேடு மூத்தவளுக்கு, வயல் இளையவளுக்கு, ரெண்டும் சமன்" என்று அப்பு வாயால் சொன்னதுதான் பிரிவினை. நாற்பது வருடம் அதை நாங்கள் நினைத்துப் பார்த்ததே இல்லை. நான் பத்தொன்பது வயதில் அச்சுவேலிக்குக் கலியாணம் முடித்துப் போய், செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் வைத்து வாழ்ந்தவள். வயல் சேறு பிறகு என் காலில் பட்டதில்லை.

போன வருடம் மணி தொலைபேசி எடுத்தாள். மகள் வாசுகிக்குக் கலியாணம் பொருந்தியிருக்கிறது, வயலைச் சீதனமாக எழுத வேண்டும், என் கையெழுத்து வேண்டும் என்றாள். எனக்குப் பதிலாக அங்கே ஒருவர் கையெழுத்து வைக்க நான் இங்கிருந்து அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பினால் போதும். உறுதி முடிக்கிற நொத்தாரிசு படிவம் அனுப்பியிருந்தார். அதில் காணியின் அளவை ஹெக்டேரில் எழுதச் சொல்லி ஒரு பெட்டி. பரப்பு என்று எழுத இடமில்லை.

மகனிடம் கேட்டேன். "ஓம் அம்மா" என்றான். அது அவன் மண்டைக்குள் யாரும் கேட்காமலே ஓடுகிற சொல். சாப்பிட்டாயா என்றாலும் ஓம் அம்மா, நான் சாகட்டுமா என்றாலும் ஓம் அம்மா. அவன் பனிச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஜெசிந்தாதான் மடிக்கணினியோடு வந்து குசினி மேசையில் இருந்தாள். தன்னுடைய புதுப் பாஷையிலேயே இதைச் செய்து பார்க்கப்போகிறேன் என்றாள்.

அப்புவின் உறுதியைப் படமெடுத்து வைத்திருந்தேன். அவள் பார்த்துப் பார்த்து எழுதினாள். பரப்பு எட்டு, பரப்பு பன்னிரண்டு. ஒரு பொத்தானை அமத்தினாள். சிவப்பில் ஒரு வரி வந்தது.

"என்னவாம்?"

"பரப்பு எண்டது வரையறுக்கப்படேல்லை எண்டு நிக்குது. எந்தப் பரப்பு எண்டு சொல்ல வேணுமாம்."

"எந்தப் பரப்போ? உது பரப்புத் தெரியாத மெசினோ? பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். அச்சுவேலிச் சந்தையிலை கீரை விக்கிறவளைக் கேட்டாலும் சொல்லுவாள்."

"பொறுங்கோ மாமி, உறுதியிலை எட்டுக்குப் பக்கத்திலை வரகு எண்டு கிடக்கு. பன்னிரண்டுக்குப் பக்கத்திலை நெல் எண்டு கிடக்கு. அது ஏன்?"

"வயலிலை நெல்லு விளையாமல் முருங்கைக்காயே பிள்ளை விளையும்?"

"இல்லை, அளவுக்குப் பக்கத்திலை ஏன் அதை எழுதுவினம்? வரகுப் பரப்பு எண்டும் நெல்லுப் பரப்பு எண்டும் ரெண்டு இருக்கோ எண்டு…"

"எடி பிள்ளை, பரப்பெண்டால் பரப்புத்தான். குருநகரிலை கடலை அளந்த ஆக்களுக்குக் காணி அளக்கத் தெரியுமே? கேக்காமல் போடு."

அவள் முகம் சிறுத்தது. பரப்பு என்று எங்கே கண்டாலும் ஏக்கரில் பதினாறிலொன்று, இனிக் கேட்க வேண்டாம் என்று ஒரு வரி எழுதிச் சேர்த்தாள். சிவப்பு மறைந்தது. இரண்டு எண்கள் வந்து நின்றன. என்னுடையது 0.2. மணியுடையது 0.3 ஹெக்டேர்.

புள்ளி வைத்த எண்ணைக் கண்டால் எனக்குப் பயபக்தி. அப்பு சமன் என்றார். மெசின் அவளுக்கு 0.1 ஹெக்டேர், அதாவது கால் ஏக்கர், கூட என்கிறது. அப்புவுக்குப் புள்ளி வைக்கத் தெரியாது.

4

கையெழுத்து வைக்கவில்லை. "கால் ஏக்கர் கூடுதலா வைச்சிருக்கிறாய், அதிலை பாதியை என்ரை பக்கம் எழுது, பிறகு பாப்பம்" என்று மணிக்குச் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாள். குற்றமுள்ளவள்தான் பேசாமல் இருப்பாள் என்று நான் முடிவுகட்டினேன்.

பிறகு சும்மா இருந்தேனா? காலையில் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஊருக்கு எடுப்பேன். "உங்கை மணி செய்த வேலை தெரியுமே?" என்று தொடங்குவேன். வெளிநாட்டில் இருக்கிறவளின் குரலுக்கு ஊரில் ஒரு மதிப்பு இருக்கிறது. நம்பினார்கள். தையில் நடக்க இருந்த வாசுகியின் கலியாணம் ஆவணிக்குத் தள்ளிப் போனது. மாப்பிள்ளை வீட்டார் ஆவணியும் தவறினால் வேறிடம் பார்க்கப்போவதாகச் சொல்கிறார்கள் என்றும் காதில் விழுந்தது. எனக்கு அந்தப் பிள்ளையை நினைத்தால் கவலைதான். ஆனால் கவலையை விட எனக்கு 0.3 பெரிதாக இருந்தது.

இங்கே இன்னொன்றும் நடந்தது. கந்தோரில் ஜெசிந்தா, தன் மாமியாருக்குக்கூடக் கொம்பைலரின் கேள்வி எரிச்சல் என்று உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். தாடிக்காரருக்குச் சந்தோஷம். பார்த்தீர்களா, சாதாரண மக்களின் குரல் என்று என்னை எடுத்துக்காட்டாக்கி விட்டார். ஐந்தாம் வகுப்புப் படித்த நான் நோர்வேயில் ஒரு கணினிப் பாஷைக்கு ஆலோசகர். அந்தப் பெருமையில் நான் இரண்டு கிழமை அன்ன நடை நடந்தேன்.

5

ஆடி அமாவாசை அன்று வந்த படம் மணி நில அளவையாளரைக் கூப்பிட்டு வயலை அளந்து எடுத்தது. நான் அதை மேசையில் எறிந்தேன்.

"காசைக் குடுத்துக் குறைச்சு அளப்பிச்சிருப்பாள்."

ஜெசிந்தா படத்தை விரித்து, கணினியையும் திறந்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்குப் பாகற்காய் பொரியலுக்குச் சோறு போட வேண்டிய நேரம். அவள் எழும்பவில்லை.

"மாமி, எங்கடை கணக்கு அவையின்ரை அளவிலும் பாக்க ஒண்டரை மடங்கு."

"நான் சொன்னனான்தானே."

"இல்லை, சரியா ஒண்டரை மடங்கு. களவெண்டால் இவ்வளவு வடிவா வராது. அங்கை இஞ்சை கொஞ்சம் பிசகும். இது அளவுகோல் மாறினதாலை வாற பிழை." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "போன வருசம் கேட்டதைத் திருப்பிக் கேக்கிறன், கோவிக்காதேங்கோ. வரகு எண்டும் நெல் எண்டும் ஏன் எழுதியிருக்கு?"

பசியிலோ என்னவோ, அன்றைக்கு என் வாய் உடனே திறக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் அப்பு வந்தார். விதைப்பு நாள். எனக்கு எட்டு வயது. வயல் வரம்பில் நின்று நான் கேட்கிறேன், ஏனப்பு எங்கடை வயல்ப் பரப்புச் சின்னனாக் கிடக்கு, வீட்டுப் பரப்புப் பெரிசாக் கிடக்கு என்று. அப்பு கையிலிருந்த நெல்லைக் காட்டிச் சொல்கிறார்: "நெல்லு பெரிய மணி, கெதியிலை முடிஞ்சு போகும். வரகு சின்ன மணி, அதே பெட்டி விதை கூடத் தூரம் போகும். விதை போற தூரம்தான் மோனை பரப்பு. நெல்லுக்குப் பன்னிரண்டு குழி, வரகுக்குப் பதினெட்டு."

பன்னிரண்டும் பதினெட்டும். ஒன்றரை மடங்கு.

நெல்லுப் பரப்பில் இருபத்துநாலு ஒரு ஏக்கர். வரகுப் பரப்பில் பதினாறு ஒரு ஏக்கர். மணிக்குப் பன்னிரண்டு, எனக்கு எட்டு. இரண்டு பேருக்கும் அரை ஏக்கர். புள்ளி வைக்கத் தெரியாத அப்பு ஒரு குழி பிசகாமல் பிரித்திருக்கிறார்.

அச்சுவேலித் தோட்டங்களில் நாற்பது வருடம் வரகுப் பரப்பு ஒன்றையே கேட்டுக் கேட்டு, உலகத்தில் பரப்பு அது ஒன்றுதான் என்று என் மண்டை தானாகவே எழுதி வைத்துக்கொண்டுவிட்டது. அதற்கு மேல் அதை யாரும் கேள்வி கேட்க நான் விடவில்லை.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. வைராக்கியத்தில் இல்லை. இறங்கவில்லை.

6

அடுத்த நாள் காலை, ஊரில் மத்தியானம் தாண்டிய நேரம், மணிக்கு எடுத்தேன். ஜெசிந்தா பக்கத்தில் இருந்தாள். "என்ரை மெசினிலை பழியைப் போடுங்கோ மாமி, அதுக்கு ரோசம் இல்லை" என்று முதலே சொல்லி வைத்திருந்தாள். நானும் சம்மதித்துத்தான் எடுத்தேன்.

"ஆர்?"

"நான்தான்."

"நான் எண்டால்?"

"அக்காடி."

"ம்."

"படம் வந்தது மணி."

"வரட்டும்."

"உவள் ஜெசிந்தாவின்ரை மெசின் ஒண்டு இருக்கெல்லே, அது நெல்லுப் பரப்பை வரகுப் பரப்பெண்டு எடுத்துப்போட்டுது. மெசின் பிழை. நீ கூட எடுக்கேல்லை. ரெண்டும் சமன்."

மணி கேட்டாள்: "மெசின் உன்னைக் கேக்காமல் தன்ரை எண்ணத்துக்குப் போட்டதோ?"

என் தங்கச்சி எட்டாம் வகுப்புப் படித்தவள். என்னிலும் இரண்டு வயது இளமை. என்னைத் தெரிந்த அளவுக்கு அவளுக்கு வேறு எதுவும் தெரியாது. நான் ஜெசிந்தாவைப் பார்த்தேன். ஓம் என்று சொல்லுங்கோ என்று அவள் தலையை ஆட்டினாள்.

"கேட்டது" என்றேன்.

"என்ன கேட்டது?"

"எந்தப் பரப்பு எண்டு கேட்டது."

"நீ என்ன சொன்னனீ?"

"பரப்பெண்டால் பரப்புத்தான் எண்டனான்."

மணி சிரித்தாள் என்று நினைத்தேன். சிரிப்பு இல்லை அது.

"அக்கா, ஒரு இரும்புச் சாமான் உன்னட்டைக் கேட்டிருக்கு. நீ என்னட்டைக் கேட்டனியோ? எடி மணி, உன்ரை பரப்பு எந்தப் பரப்பு எண்டு ஒரு வார்த்தை? ரெண்டு நிமிசக் கதை. ஒரு வருசமா என்ரை பிள்ளை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரியிறாள். கோயிலுக்குப் போனால் சனம் என்னை அளந்து பாக்குது. ஏன் கேக்கேல்லை?"

பழியை மெசினில் போடலாம், தூரத்தில் போடலாம், வயதில் போடலாம். எல்லாம் வாய்க்குள் வந்து வரிசையாக நின்றன.

"நீ காணியைக் கூட எடுத்திருப்பாய் எண்டு நினைச்சன்" என்றேன்.

"அதுதான் எனக்கு நோகுது. காணி இல்லை." மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. "கையெழுத்தை வை. ஆவணி வருது. ஊரெல்லாம் நீதானே சொன்னனீ. நீயே திருப்பிச் சொல்லு. நான் ஒருத்தருக்கும் படம் காட்டிக்கொண்டு திரியேலாது."

"சொல்லுறன்."

"சாப்பிட்டியோ?"

"இல்லை."

"போய்ச் சாப்பிடு" என்று வைத்துவிட்டாள்.

7

ஒஸ்லோவிலுள்ள இலங்கைத் தூதரகத்துக்கு ரயிலேறிப் போய் அற்றோணித் தத்துவத்தில் கையெழுத்து வைத்து அனுப்பிவிட்டேன். 0.2 என்று ஜெசிந்தா பெட்டிக்குள் எழுதினாள். பக்கத்தில் வெளியே, பன்னிரண்டு நெல்லுப் பரப்பு என்று நான் எழுதினேன். பெட்டிக்கு வெளியே எழுதக்கூடாது என்று பெண் அலுவலர் ஒருவர் சொன்னார். எழுதிய பிறகுதான் எனக்குக் காது கேட்டது.

ஜெசிந்தாவின் கந்தோரில் சண்டை இன்னும் முடியவில்லை. என் கதையை அவள் முழுதாகச் சொல்லியிருக்கிறாள். தாடிக்காரர் இதுவும் தன் கட்சிதான் என்றாராம்: கொம்பைலர் கேட்டதே, கேட்டும் என்ன பிரயோசனம், மாமியார் வாயை மூடப்பண்ணினாரே என்று. அதில் நியாயம் இருக்கிறது. நானும் யோசித்துப் பார்த்தேன். வரையறுக்கப்படவில்லை என்று சிவப்பில் எழுதி நின்றால் யாருக்குத்தான் கோபம் வராது? "இப்பிடி எடுத்தால் உங்கடை தங்கச்சிக்குக் கால் ஏக்கர் கூடும், அப்பிடி எடுத்தால் ரெண்டு பேருக்கும் சமன், நீங்கள் எதைச் சொல்லுறியள்?" என்று கேட்டிருந்தால் நான் வாயைப் பொத்திக்கொண்டு யோசித்திருப்பேன். இதைச் சொன்னதும் ஜெசிந்தா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுதிக்கொண்டாள். கேள்வியை அப்படிக் கேட்கிற மாதிரி இப்போது செய்கிறார்களாம். எந்த எண்ணை எங்கே வைப்பது என்ற மற்றக் காரியத்தையெல்லாம் அது தன்பாட்டில் செய்யட்டும். அதற்கு என்னைக் கூப்பிட வேண்டாம்.

குருநகரையும் கடலையும் பற்றிச் சொன்னதற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதை நான் அப்பவே வெட்டிப்போட்டன் மாமி" என்றாள். வெட்டவில்லை. முகத்தில் இருந்தது.

ஆகையால் ஊரவர்களே, எழுதி வைக்கிறேன். என் தங்கச்சி சிவமணியின் வயல் பன்னிரண்டு நெல்லுப் பரப்பு. என் மேட்டுக்காணி எட்டு வரகுப் பரப்பு. இரண்டும் அரை ஏக்கர். அவள் ஒரு குழிகூடக் கூட எடுக்கவில்லை. எடுத்தாள் என்று சொன்னது நான். சந்தைக்குள்ளும் கோயில் வீதியிலும் அதைக் கேட்டவர்கள், கேட்ட இடத்திலேயே இதையும் சொல்லிவிடுங்கள்.

நான் தொலைபேசியில் சொன்னவர்களில் ஒருத்தி மட்டும் நம்பவில்லை. என்னோடு ஐந்தாம் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்த யோகம். "மணியைக் கேட்டனியோ?" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் தொலைபேசியை வெட்டி, அவளுடைய இலக்கத்தையும் அழித்துவிட்டேன். இப்போது அவளோடு கதைக்க வேண்டும். இலக்கம் மணியிடம் இருக்கும். நாளைக்குக் காலையில் எடுத்து மணியைத்தான் கேட்க வேண்டும்.